உம்மாவுக்கு அந்தப் பவுடரைக் கொடுக்கலாமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள். வீட்டில் வயது போன உம்மா, வாப்பா, மாமா, மாமி இருக்கிறவர்களுக்கு இது பிரயோசனப்படும் என்று நினைக்கிறேன்.

கொஞ்சக் காலமாக எங்கட பக்கத்து வட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. வெளிநாட்டில் இருந்து வருகிற ஒரு பவுடர். மறதி நோய்க்கு நல்லதாம், மூளை திரும்ப இளமையாகுமாம். போத்தலில் போட்டிருக்கிற பெயர் டி-செரின். அதே விளம்பரம் கட்டாரில் இருக்கிற என் காக்காவின் கைக்கும் போயிருக்கிறது. உடனே கோல் எடுத்தார். "தம்பி, நீ கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறவன்தானே. பார்த்துச் சொல்லு. உம்மாவுக்கு ரெண்டு போத்தல் வாங்கி அனுப்பட்டா?"

உம்மாவுக்கு இப்போது 78 வயது. நாலு வருடமாக மறதி நோய், அல்சைமர் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்பே சீனி வருத்தமும் பிரஷரும். இப்போது ரிப்போர்ட்டில் கிரியேட்டினினும் கூடி வருகிறது. அதாவது கிட்னியும் களைத்துப் போயிருக்கிறது.

காக்காவுக்கு நான் சொன்ன பதில் "வேண்டாம்" என்பதுதான். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பிள்ளையை ஒரு சொல்லால் நிறுத்த முடியாது. உம்மாவுக்காக எதையாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பு அவருக்கு. காரணம் கேட்டார். காரணத்தை ஒழுங்காகச் சொல்வதற்காக நிறைய வாசித்தேன். பிறகு ஊரில் இன்னும் மூன்று பேர் இதையே கேட்டார்கள். அதனால் காக்காவுக்குச் சொன்னதை எல்லோருக்குமாகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் இந்த "டி" என்ன என்று பார்ப்போம்.

எங்கட உடம்பின் தசை, தோல், நொதியங்கள், மூளைக் கலங்கள் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. மதிலைப் பிரித்தால் கல் கல்லாக வருவதுபோல, புரதத்தைப் பிரித்தால் அமினோ அமிலம் அமினோ அமிலமாக வரும். புரதம் கட்டுகிற அமினோ அமிலங்களில் கிளைசின் என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு வடிவம் உண்டு. அணுக்கள் அதேதான், எண்ணிக்கையும் அதேதான். ஒன்று மற்றதன் ஆடிவிம்பம்.

உயர்தர வகுப்பில் ஒளியியற் சமபகுதியம் படிப்பிக்கும்போது நான் சொல்கிற உதாரணம் செருப்பு. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியால் இறங்குகிறீர்கள். உங்கட வலது செருப்பை ஆரோ மாறிப் போட்டுப் போய்விட்டார். மிச்சம் கிடப்பது ரெண்டு இடது செருப்பு. அதே கம்பனி, அதே அளவு, அதே நிறம். ஆனாலும் போட்டு நடக்க முடியாது. மூலக்கூறுகளின் கதையும் இதுதான். இடக்கை வடிவத்தை எல் என்றும் வலக்கை வடிவத்தை டி என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை முதலில் கண்ணால் பார்த்துப் பிரித்தவர் லூயி பாஸ்டர். 1848 இல், 25 வயதில், தாத்தாரிக் அமிலத்தின் உப்புப் பளிங்குகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, இடக்கை வடிவப் பளிங்குகளை ஒரு பக்கமும் வலக்கை வடிவப் பளிங்குகளை மறு பக்கமும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். ஒரு குவியலின் கரைசல் தளமுனைவாக்கிய ஒளியை வலப்பக்கம் திருப்பியது, மற்றது இடப்பக்கம் திருப்பியது.

மனிதர், மாடு, மீன், முருங்கை எல்லாம் புரதம் கட்ட எடுப்பது எல் வடிவத்தை. டி வடிவம் பக்டீரியாக்களுக்கு உரியது என்றுதான் நீண்டகாலம் நினைத்திருந்தார்கள். பக்டீரியாக்கள் தங்கட கலச்சுவரில் டி-அலனினையும் டி-குளுட்டாமிக் அமிலத்தையும் வைத்துக் கட்டுகின்றன. பெனிசிலின் வேலை செய்வதே இந்த இடத்தில்தான். அந்தச் சுவரின் டி-அலனின் முனையைப் போலத் தோற்றம் காட்டி, சுவர் கட்டுகிற நொதியத்தை மாட்டிவிடுகிறது. நாங்கள் சாப்பிடுகிற தயிரிலும் பக்டீரியா இருப்பதால் கொஞ்சம் டி வடிவம் இருக்கிறது. அதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஒரு புதிர் இருந்தது. 1935 இல் ஹான்ஸ் கிரெப்ஸ், பிள்ளைகள் பாடமாக்குகிற அந்தக் கிரெப்ஸ் வட்டத்தின் சொந்தக்காரர், விலங்குகளின் கிட்னியில் ஒரு நொதியத்தைக் கண்டார். அது டி வடிவ அமினோ அமிலங்களை மட்டும் தேடிப் பிடித்து உடைக்கிறது. எங்கட உடம்பில் டி வடிவத்துக்கு வேலையே இல்லை என்றால், அதை உடைக்க ஒரு நொதியம் எதற்கு? இந்தக் கேள்வி 50 வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது.

1992 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் மூளையில் டி-செரின் நிறைய இருப்பதைக் கண்டார்கள். அடுத்து மனித மூளையிலும் கண்டார்கள். பக்டீரியாவின் கழிவு ஏதோ வழிதவறி வந்தது அல்ல. மூளை தானே ஆக்கிக்கொள்வது. அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சொலமன் ஸ்னைடரின் ஆய்வுகூடம் 1999 இல் அதை ஆக்குகிற நொதியத்தையே பிரித்தெடுத்தது. எல்-செரினைப் பிடித்து டி-செரினாகத் திருப்பிவிடுகிற நொதியம் அது.

மூளைக்கு இது எதற்கு? இதற்குப் பேங்க் லொக்கர்தான் சரியான உதாரணம். நகை வைக்கிற லொக்கருக்கு ரெண்டு திறப்பு. ஒன்று உங்களிடம், மற்றது பேங்க்காரரிடம். ரெண்டும் சேர்ந்து திருகினால்தான் கதவு திறக்கும். மூளையின் நரம்புக் கலங்களில் என்.எம்.டி.ஏ. வாங்கி என்று ஒரு கதவு இருக்கிறது. புதிதாக ஒன்றைப் படிப்பதும் அதை ஞாபகத்தில் இருத்துவதும் இந்தக் கதவைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. அதற்கு முதல் திறப்பு குளுட்டமேற்று. இரண்டாவது திறப்பு கிளைசின் அல்லது டி-செரின். ரெண்டும் சேர்ந்தால்தான் கதவு திறந்து கல்சியம் உள்ளே போகும், நரம்பு இணைப்பு வலுப்படும்.

இப்போது வயதுக்கு வருவோம். மூளையில் ஹிப்போகம்பஸ் என்று கடற்குதிரை வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. புது ஞாபகங்கள் பதிவது அதன் வழியாகத்தான். அல்சைமர் ஆரம்பத்திலேயே கைவைக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. வயது போன எலிகளின் ஹிப்போகம்பஸில் டி-செரினும் அதை ஆக்குகிற நொதியமும் குறைந்திருந்தன. அந்த மூளைத் துண்டுகளுக்கு வெளியில் இருந்து டி-செரின் சேர்த்தபோது, நரம்பு இணைப்பு வலுப்படுகிற தன்மை திரும்ப வந்தது.

இது உண்மையான ஆய்வு. விளம்பரக்காரர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ஆய்வுகளோ நிறுத்தவில்லை.

அந்தக் கதவு அளவுக்கு மீறித் திறந்து கிடந்தால் கல்சியம் வெள்ளமாகப் புகுந்து நரம்புக் கலத்தையே கொன்றுவிடும். கறிக்கு உப்புக் குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை. அல்சைமர் மூளையில் படிகிற அமிலோயிட் என்ற புரதத்தை, மூளையின் காவல் கலங்களோடு சேர்த்து ஆய்வுகூடத்தில் வைத்தபோது, அந்தக் கலங்கள் கூடுதலாக டி-செரினை வெளியே விட்டன. ஏ.எல்.எஸ். என்ற தசை செயலிழக்கிற நோயை உண்டாக்கிய எலிகளின் முண்ணாணில் டி-செரின் கூடியிருந்தது. 2010 இல் அதே நோய் பரம்பரையாக வந்த ஒரு குடும்பத்தில், கிரெப்ஸ் கண்ட அந்த நொதியத்தின் பரம்பரை அலகிலேயே ஒரு மாற்றம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. உடைக்கிற நொதியம் பழுதானால் டி-செரின் சேர்ந்துகொண்டே போகும்.

அப்படியென்றால் அல்சைமர் நோயாளிக்கு டி-செரின் குறைவா, கூடவா? முள்ளந்தண்டு நீரை எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு, கூட என்றது. வேறு ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. நோயாளிக்கு நோயாளி, நோயின் கட்டத்துக்குக் கட்டம் மாறவும் கூடும். விஞ்ஞானிகளே இன்னும் வாதாடுகிற ஒரு விசயத்தில், போத்தல் விற்கிறவர் மட்டும் நிச்சயமாகப் பேசுகிறார்.

இதோடு இன்னொன்று. உம்மா குடிக்கிற குளிசைகளில் ஒன்று மெமன்டின். மறதி நோய்க்குப் பல நாடுகளில் 20 வருடத்துக்கு மேலாகக் கொடுக்கப்படுகிற மருந்து. அது என்ன செய்கிறது தெரியுமா? அதே என்.எம்.டி.ஏ. கதவை ஓரளவு அடைத்துப் பிடிக்கிறது. டொக்டர் ஒரு கையால் கதவைச் சாத்தி வைக்க, நாங்கள் மறுகையால் திறப்பை விட்டுத் திருகுவதா? காக்காவிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் முதல் தடவையாக "ம்" கொட்டாமல் கேட்டார்.

டி வடிவத்துக்கு மூளையில் இன்னொரு கதையும் இருக்கிறது. இது ஆரும் ஆக்குவது அல்ல. தானாக நடப்பது.

உடம்பில் பெரும்பாலான புரதங்கள் சில நாளில், சில கிழமையில் உடைந்து, புதிது வந்துவிடும். சில புரதங்கள் அப்படி இல்லை. பல்லில் இருப்பது, கண் வில்லையின் நடுவில் இருப்பது எல்லாம் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். அப்படி நீண்டகாலம் கிடக்கிற புரதத்தில் உள்ள அமினோ அமிலங்கள், விசேடமாக அஸ்பாட்டிக் அமிலம், மெதுமெதுவாக எல் வடிவத்தில் இருந்து டி வடிவத்துக்குத் திரும்பிவிடும். கலிபோர்னியாவில் ஜெப்ரி பாடாவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1970களில் மனிதப் பல்லிலும் கண் வில்லையிலும் இதை அளந்தார்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 0.1 சதவீதம். மணிக்கூடு மாதிரி. இதை வைத்து ஒரு பல்லின் சொந்தக்காரருக்கு என்ன வயது என்று கணக்கிட முடியும். ஆர்க்டிக் கடலில் பிடிபட்ட போஹெட் திமிங்கிலங்களின் கண் வில்லையை இதே முறையில் அளந்து 1999 இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அதில் ஒன்றின் வயது ஏறக்குறைய 211 என்று வந்தது. சுப்ஹானல்லாஹ். அது பிறந்தபோது இலங்கையின் கரையோரத்தை ஒல்லாந்தர் ஆண்டுகொண்டிருந்திருப்பார்கள்.

மூளையிலும் நீண்டகாலம் கிடக்கிற புரதங்கள் உண்டு. அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படிந்திருந்த அமிலோயிட்டை எடுத்துப் பார்த்தபோது, அதன் 1 ஆம், 7 ஆம் இடங்களில் உள்ள அஸ்பாட்டிக் அமிலம் பெருமளவு உருமாறியும் டி வடிவமாகத் திரும்பியும் இருப்பது 1993 இல் தெரியவந்தது. மற்றக் குற்றவாளியான டவ் புரதத்திலும் இப்படியான மாற்றங்கள் உண்டு.

இது ஏன் பிரச்சினை? கலத்துக்குள் குப்பை அரைக்கிற பைகள் இருக்கின்றன, லைசோசோம் என்று பெயர். அங்குள்ள நொதியங்கள் இடது செருப்புக்கு என்று செய்த அச்சு. திரும்பிப்போன புரதம் வந்தால் அவற்றால் பிடித்து அறுக்க முடியாது. குப்பை டிரக்டர் ஒரு கிழமை வராவிட்டால் ஒழுங்கை எப்படி இருக்கும்? மூளையின் ஒழுங்கைகளிலும் அப்படித்தான் தேங்கும் என்று 2019 இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. நோய்க்கு இதுதான் காரணமா, அல்லது நோயின் பழமைக்கு இது ஒரு அடையாளம் மட்டுமா என்ற விவாதம் தொடர்கிறது.

அல்லாஹ் உடம்புக்குள்ளேயே திருத்துகிற ஏற்பாட்டையும் வைத்திருக்கிறான். பி.ஐ.எம்.டி. என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு நொதியம், உருமாறிய அஸ்பாட்டிக் அமிலத்தைத் தேடிப் போய்ப் பழைய வடிவத்துக்குத் திருப்புகிறது. மூளையில் இது நிறைய இருக்கிறது. இந்த நொதியம் இல்லாமல் எலிகளை வளர்த்தபோது, அவை வலிப்பு வந்து சராசரியாக 42 நாளில் செத்துப்போயின. எங்கட தலைக்குள் இரவு பகலாக நடக்கிற திருத்த வேலையின் பெறுமதி அவ்வளவு.

சரி, இதையெல்லாம் வைத்து மருந்து வரவில்லையா என்று கேட்பீர்கள். முயற்சி நடக்காமல் இல்லை.

டி-சைக்குளோசெரின் என்று ஒரு பழைய மருந்து. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுப்பது. அது அந்த இரண்டாவது திறப்பின் இடத்தில் போய் உட்காரும் என்பதால் அல்சைமருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசியதில் பிரயோசனம் தெரியவில்லை.

சோடியம் பென்சோவேற்று, சோஸ், கோர்டியல் போத்தல்களில் இ211 என்று எழுதியிருக்கிற அதே பாதுகாப்புப் பொருள், கிரெப்ஸின் நொதியத்தைத் தடுக்கும். டி-செரின் உடைபடுவது குறையும். தாய்வானில் ஆரம்பக் கட்ட நோயாளிகள் 60 பேருக்கு 24 கிழமை கொடுத்து 2014 இல் முடிவை வெளியிட்டார்கள். கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. பிறகு வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே மாதிரி அமையவில்லை. தயவுசெய்து இதை வாசித்துவிட்டு ஆரும் உம்மாவுக்குக் கோர்டியல் கரைத்துக் கொடுக்க வேண்டாம். அதில் போகிற சீனியும் நல்லதல்ல.

ஜெர்மனியில் யூலிக் ஆய்வு நிலையத்தில் தொடங்கிய ஒரு முயற்சி எனக்குப் பிடித்தது. முழுவதும் டி வடிவ அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு புரதத் துண்டைச் செய்திருக்கிறார்கள். உடம்பின் நொதியங்களால் அறுக்க முடியாது என்ற அதே குணத்தை இங்கே நன்மையாக்கி, அமிலோயிட் கட்டிகளைக் கலைக்கப் பார்க்கிறார்கள். மனிதரில் சோதிக்கிற கட்டத்துக்கு வந்திருக்கிறது. வெற்றி என்று சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

இனி, உம்மாவுக்கு வேண்டாம் என்றதற்கு எல்லாவற்றிலும் பெரிய காரணம்: கிட்னி.

டி-செரினை வடித்து, உடைத்து, கழிக்கிற முக்கிய இடம் கிட்னி. அதனால்தான் கிரெப்ஸ் அந்த நொதியத்தை அங்கே கண்டார். கிட்னி பழுதானவர்களின் இரத்தத்தில் டி-செரின் ஏற்கெனவே கூடியிருக்கும். கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிய அதையே ஒரு அளவுகோலாகப் பாவிக்கலாம் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. எலிகளுக்குக் கூடிய அளவில் கொடுத்தபோது கிட்னியின் சிறுகுழாய்கள் அழிந்தன. எங்கட பகுதிகளில் மறதி நோய் உள்ள எத்தனையோ பேருக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. சீனி வருத்தம் நீண்டால் கிட்னி பாதிக்கும். ஆக, இந்தப் பவுடரை ஆர் தேடுகிறார்களோ, அவர்களுக்குத்தான் இதன் ஆபத்தும் கூட. மூளையைத் தேடிப் போய் கிட்னியையும் கொடுத்துவிட்டு வர முடியாது.

இதையெல்லாம் காக்காவுக்குக் குரல் பதிவில் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் கோல் எடுத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நான் என்னத்தத்தான் அனுப்புற?"

அந்தக் கேள்வியை எளிதில் தாண்ட முடியவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்பத்தான் தெரியும். பக்கத்தில் இருந்து கழுவிவிட, ஊட்டிவிட அவர்களுக்கு வழி இல்லை. வெறும் "வேண்டாம்" என்று சொன்னால் அவர்கள் அடுத்த விளம்பரத்தைத் தேடிப் போவார்கள்.

நான் சொன்னேன்: "காக்கா, உம்மாவுக்குக் காது மெஷின் வாங்க அனுப்புங்க."

இது சும்மா சொன்னது அல்ல. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. எங்களால் மாற்றக்கூடிய 14 காரணங்களைக் கவனித்தால், உலகில் மறதி நோயின் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. அந்தப் பதினான்கில் எந்தப் பவுடரின் பெயரும் இல்லை. குறைந்த கல்வி, காது கேளாமை, கூடாத கொலஸ்ட்ரோல், மனச்சோர்வு, தலையில் அடிபடுதல், உடலை அசைக்காமை, சீனி வருத்தம், புகைத்தல், பிரஷர், உடற்பருமன், மதுபானம், தனிமை, காற்று மாசு, பார்வைக் குறைவு. இவ்வளவுதான்.

ஒவ்வொன்றையும் எங்கட ஊரில் வைத்துப் பாருங்கள்.

உம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பன்பாய் இழைத்து எங்களைப் படிப்பித்தவர். அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் கனபேருக்கு அதுதான் நிலைமை. கல்வி மூளைக்கு ஒரு சேமிப்பு. இன்று ஒரு பெண்பிள்ளையை உயர்தரம் வரை படிக்க விடுவது, அவளது 70 வயதுக்கும் செய்கிற உதவி.

தலையில் அடிபடுதல் என்றால் மோட்டார்சைக்கிள். பக்கத்துக் கடைக்குத்தானே என்று ஹெல்மெட் இல்லாமல் போகிற பிள்ளைகள், இதைக் கொஞ்சம் யோசியுங்கள். காது கேட்காவிட்டால் வயதென்று விடுகிறோம். கண்ணில் வெண்புரை படர்ந்தாலும் சத்திரசிகிச்சையைப் பெருநாளுக்குப் பிறகு, அறுவடைக்குப் பிறகு என்று தள்ளுகிறோம். பெண்கள் நடப்பதற்கு ஒரு வசதியான நேரமும் இடமும் ஊரில் இருக்கிறதா என்று பள்ளிவாசல் நிர்வாகங்கள் பார்க்கலாம்.

காது மெஷின் வந்தது. உம்மாவின் மறதி மாறவில்லை. அதை நான் மறைக்கவில்லை. இன்னமும் அஸருக்குப் பிறகு என்னைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார். ஆனால் சுபஹு பாங்கு அவருக்குத் திரும்பக் கேட்கிறது. ஆரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கதைக்கிறார்கள், ஏனென்றால் இப்போது கத்தத் தேவையில்லை. ஒரு நாள் ராத்தா கொஞ்சம் பன் புல்லைக் கையில் கொடுத்தா. உம்மாவின் விரல்கள் தானாகவே இழைக்கத் தொடங்கின. எங்கட பெயர்கள் போய்விட்டன, கை பழகியது போகவில்லை. மறதி நோயில் கைத்தொழில் ஞாபகம் நீண்டகாலம் மிஞ்சும் என்று புத்தகத்தில் வாசித்திருந்தேன். கண்ணால் பார்ப்பது வேறு.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள்.

ஒன்று. வயதானவருக்கு மறதி கூடினால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள். எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் இவற்றாலும் மறதி வரும். இவற்றில் பல திருத்தக்கூடியவை. திடீரென்று ஓரிரு நாளில் குழம்பிப்போனால் அது மூத்திரத் தொற்றாகவும் இருக்கலாம், தாமதிக்க வேண்டாம்.

இரண்டு. பவுடர், சிரப், மூலிகை எதுவாக இருந்தாலும் போத்தலோடு கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கொடுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளே, அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூன்று. சூனியம், செய்வினை என்று சொல்லி அவர்களை ஊர் ஊராக இழுத்துத் திரிய வேண்டாம். இது மூளையில் வருகிற நோய். ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே நடத்தி 2003 இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 100 இல் 4 பேருக்கு இருந்தது. எங்கட குடும்பங்களிலும் இருக்கத்தான் செய்யும். வெட்கப்பட என்ன இருக்கிறது? கொழும்பில் லங்கா அல்சைமர் பவுண்டேஷன் என்ற அமைப்பு இந்தக் குடும்பங்களுக்காகவே இயங்குகிறது. போய்க் கேட்கலாம்.

நாலு. பார்க்க வருகிறவர்கள் "நான் ஆர் சொல்லுங்க பார்ப்பம்?" என்று பரீட்சை வைக்காதீர்கள். 22 வருடமாகப் பரீட்சை வைக்கிறவன் சொல்கிறேன், இந்தப் பரீட்சையில் ஆருக்கும் புள்ளி கிடைக்காது. "நான் மரியத்துட மகன் வந்திருக்கன் மாமி" என்று நீங்களே சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருங்கள். ஒரே தொழுகையை மூன்று தடவை தொழுதால் அதட்ட வேண்டாம். அறிவு தடுமாறியவரின் கடமைகள் பற்றி மார்க்கம் எவ்வளவு இலகுவாக இருக்கிறது என்பதை உங்கட மௌலவியிடம் கேட்டுப் பாருங்கள்.

ஐந்து. இதுதான் எனக்கு முக்கியம். ஒவ்வொரு மறதி நோயாளிக்குப் பின்னாலும் ஒரு மகளோ மருமகளோ இருக்கிறாள். எங்கட வீட்டில் அது ராத்தா. நாலு வருடமாக ஒரு கலியாண வீட்டில் அவ நிம்மதியாக இருந்து சாப்பிட்டதில்லை. பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போய் அந்தப் பெரியவரோடு இருந்து கொடுங்கள். அந்த மகள் குளித்து, நித்திரை கொண்டு, தாய்வீட்டுக்குப் போய் வரட்டும். இதற்குக் காசும் தேவையில்லை, கட்டாரில் இருந்து பார்சலும் தேவையில்லை.

டி வடிவமோ எல் வடிவமோ, விஞ்ஞானிகள் தேடட்டும். ஒரு நாள் மருந்து வரும், இன்ஷா அல்லாஹ். அது வரும்வரை எங்கட உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் அவர்களுடைய கிட்னியையும், காதையும், கண்ணையும், கண்ணியத்தையும் காப்பாற்றிக் கொடுப்பது எங்கட பொறுப்பு.

உம்மாவுக்காக துஆ செய்யுங்கள். ராத்தாவுக்காகவும்.

கேள்வி இருந்தால் கீழே எழுதுங்கள். இரசாயனவியல் என்றால் நான் பதில் சொல்கிறேன். மருத்துவம் என்றால் எங்கட ஊர் டொக்டர்மார் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வார்கள்.

வஸ்ஸலாம்.